றெக்கை முளைத்த மீன்கள்

என் வாய்க்கு இந்தத் தெருவில் பூட்டு கிடையாது. டீக்கடை வைத்திருப்பவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் டீயும் ஆறிப்போகும், வியாபாரமும் ஆறிப்போகும். அதனால் தண்ணிக்காரியைப் பற்றி நான் சொல்லும்போது சத்தம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். பொய் இருக்காது.

என் கடைக்கு நேர் எதிரே ஒரு கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே வேலைக்கு வந்த குடும்பங்களில் ஒன்று அவளுடையது. புருஷன் கம்பி கட்டுபவன். இவள் தண்ணிக்காரி. குடம் சுமப்பவள் என்று நினைத்துவிடாதீர்கள், தளத்துக்குத் தண்ணீர் காட்டுபவள். கான்கிரீட் தளம் போட்ட மறுநாள் கொத்தனார் அதன்மேல் கலவையால் சின்னச் சின்ன வரப்பு வைத்து, வயலில் கட்டுவது போலப் பாத்தி கட்டிவிடுவார். பாத்தி நிறையத் தண்ணீர் நிற்க வேண்டும். வெயில் குடிக்கக் குடிக்க இவள் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தளம் இறுகும்வரைக்கும் ஒரு பாத்திகூட வற்றக்கூடாது.

"பச்சத் தளமும் பச்சப் புள்ளையும் ஒண்ணும்மா. தாகத்துல விட்டா தாங்காது, வெடிச்சுடும்" என்பார் கொத்தனார். அவர் பேச்சில் பாதி பழமொழி, பாதி இருமல்.

கட்டிட வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாள் என்னிடம் என்ன கேட்பார்கள்? கடன் கொடுப்பீர்களா, அரிசிக்கடை எங்கே, பஸ் எங்கே நிற்கும். இவள் வந்தாள். இடுப்பில் குழந்தை, தலையில் மூட்டை. டீ வேண்டாம் என்றாள். "அக்கா, இங்க சாக்கடை எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"ஏம்மா, அதுல குளிக்கவா போற?" என்றேன். வாயில் வந்ததைச் சொல்லிவிடுவேன், அது என் பிறவிக் குணம்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கட்டிடத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். முகம் சின்னதாகியிருந்தது. அப்போதுதான் சொன்னாள். இதற்கு முன்னால் வேலை பார்த்த இடத்தில் அவளுக்கு ஒரு மகன் இருந்தான். இந்தக் குழந்தைக்கு மூத்தவன். அங்கே அவர்கள் போட்டிருந்த தகரக் கொட்டகைக்குப் பக்கத்தில் பெரிய சாக்கடை ஓடியது. குளிர்காய்ச்சல் வந்தது. ஒருநாள் வரும், ஒருநாள் விடும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன அன்றைக்கே போய்விட்டான். சாக்கடைக் கொசுதான் கொண்டுபோனது என்று எல்லோரும் சொன்னார்கள். "இவளையும் அதுக்குக் குடுக்க மாட்டேன்க்கா" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை. எனக்குத்தான் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

அன்றிலிருந்து அவளுக்கும் சாக்கடைக்கும் ஒரு யுத்தம். விடிந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் அடைப்பைத் தள்ளுவாள். மெக்கானிக் கடையில் கழிவு எண்ணெய் கெஞ்சி வாங்கி வந்து ஊற்றுவாள். ஊற்றும்போது வாயில் வசவு வேறு. மற்றபடி யாரையும் அதிர்ந்து பேசாதவள், சாக்கடையை மட்டும் கேட்கக் கூசுகிற வார்த்தையில் திட்டுவாள்.

அவர்கள் தங்கியது அதே கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில். அறை என்று பேச்சுக்குச் சொல்கிறேன். மூன்று சுவர், நாலாவது பக்கம் படிக்கட்டு. கதவு கிடையாது. ஜன்னல் என்று பின்சுவரில் ஒரு சதுர ஓட்டை, அது சாக்கடையைப் பார்த்திருந்தது. அவளிடம் ஒரு கொசுவலை இருந்தது. அதைக் குழந்தைக்குக் கட்டாமல், மடித்து மடித்து அந்த ஜன்னலில் ஆணி அடித்து இறுக்கிவிட்டாள். ஒரு ஊசி நுழைய இடம் விடவில்லை. "வர்ற வழியையே அடைச்சாச்சுக்கா" என்று வந்து சொன்னபோது அவள் முகத்தில் ஒரு நிம்மதி. நீ கெட்டிக்காரிதான் என்று நானும் தலையாட்டினேன். எங்கள் இரண்டு பேர் புத்தியும் அவ்வளவுதான்.

சாக்கடை பக்கம் போகாத நேரமெல்லாம் அவள் வேறொரு பெண். மேல்தளத்தில் பாத்திகளுக்கு நடுவே, வரப்பின்மேல் வெறுங்காலோடு நடப்பாள். கையில் குழாய். என் கடையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும். காலையில் அந்தத் தண்ணீரெல்லாம் வானமாக இருக்கும். ஒரு பாத்தியில் மேகம், அடுத்த பாத்தியில் பறவை, அடுத்ததில் அவள் சேலை. அவள் நடக்கிறாளா தூங்குகிறாளா என்று சொல்ல முடியாது. கொத்தனார் கீழிருந்து கூப்பிட்டால் ரொம்ப நேரம் கழித்துத்தான் "ஆங்?" என்பாள். "கனவுக்காரி, கால் இடறிக் கீழ விழுந்துடாத" என்று கத்துவேன். சிரிப்பாள்.

அந்தத் தண்ணீரின்மேல் அவளுக்கு அப்படி ஒரு பாசம். ஒரு தூசி விழ விடமாட்டாள். காற்றில் பறந்து வந்த காகிதம், சிமெண்ட் மூட்டையின் நூல், எதுவானாலும் உடனே எடுத்துவிடுவாள். யாராவது செருப்போடு ஏறினால் கழற்ற வைத்துவிடுவாள். ஒருநாள் என்னை மேலே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். தளத்தில் பதிந்திருந்த மணல் ஒவ்வொன்றையும் எண்ணலாம், அப்படித் தெளிவு. "கண்ணாடிடி" என்றேன். "சாக்கடையப் பாத்த கண்ணுக்கு இதத்தான்க்கா மருந்தாப் போட்டுக்கறேன்" என்றாள்.

குழந்தைக்கு மூன்று வயது நிறையவில்லை. பெண் குழந்தை. கட்டிடத்தில் அவளுக்குச் 'சின்ன மேஸ்திரி' என்று பெயர். வேலையை எடுத்துச் செய்யும் மேஸ்திரி எப்போதும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, வயிற்றை முன்னால் விட்டு நடப்பார். இது அதைப் பார்த்துப் பழகிவிட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் போய் நிற்கும், ஒரு பார்வை பார்க்கும், "ம்" என்று சொல்லிவிட்டு நகரும். உண்மையான மேஸ்திரிக்கு இல்லாத மரியாதை இதற்கு இருந்தது. என் கடைக்கு வந்தால் பிஸ்கட் பாட்டிலைச் சோதனை போடும். லஞ்சம் கொடுத்தால்தான் போகும்.

பொழுது சாயும் நேரத்தில் தண்ணிக்காரி அதை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே போவாள். அம்மாவும் மகளும் ஒரு பாத்தியின் ஓரத்தில் குந்துவார்கள். தண்ணீரில் மீன் பார்ப்பார்கள்.

ஆமாம், மீன். குழந்தை வைத்த பெயர் அது. தண்ணீர் மேல்பரப்பில் துரும்பு துரும்பாக ஏதோ படுத்துக்கிடக்கும். நகத்தின் வெள்ளை அளவுகூட இருக்காது. கையின் நிழல் பட்டால் வெடுக்கென்று ஓடும். முன்னால் போகாமல் பின்பக்கமாகவே நகரும், அதுதான் வேடிக்கை. "மீனு, மீனு" என்று அது கை தட்டும். தன் சோற்றில் ஒரு பருக்கை எடுத்து அதற்குப் போடும். தண்ணிக்காரி அந்தப் பருக்கையை மட்டும் தேடி எடுத்து வெளியே வீசுவாள், தண்ணீர் அழுக்காகக் கூடாதே. மீனை விட்டுவிடுவாள். நல்ல தண்ணீரில் உயிர் இருக்கும் என்பது அவள் எண்ணம். நானும் பார்த்திருக்கிறேன். ஏதோ பூச்சி என்று வந்துவிட்டேன்.

பிறகு காய்ச்சல் வந்தது.

தெருவே தூங்கி வழியும் மத்தியான நேரம். கொளுத்துகிற வெயிலில் குழந்தை நடுங்கியது. பல் கிடுகிடுவென்று அடித்தது. தண்ணிக்காரி இருக்கிற துணியையெல்லாம் போட்டுப் போர்த்தினாள். கொஞ்ச நேரத்தில் உடம்பு தோசைக்கல்லாகக் கொதித்தது. அப்புறம் வேர்த்துக்கொட்டித் தூங்கிவிட்டது. மறுநாள் பார்த்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் கடைக்கு வந்து நிற்கிறது! "மேஸ்திரிக்கு நேத்து லீவா?" என்று கேட்டு பிஸ்கட் கொடுத்தேன். அதற்கும் மறுநாள், அதே மத்தியானம், மறுபடி நடுக்கம்.

"இது சாதாரணக் காய்ச்சல் இல்லடி, ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லு" என்றேன்.

ஆஸ்பத்திரி என்றதும் அவள் இரண்டடி பின்னால் போனாள். "அங்க போனாத் திரும்பி வர மாட்டாக்கா" என்றாள். மூத்தவன் அங்கேதான் போனான், அந்தப் பயம். மருந்துக்கடைக்காரரிடம் போய்ச் சொன்னாள். அவர் ஒரு பாட்டிலும் நாலு மாத்திரையும் கொடுத்தார். காய்ச்சல் விட்டது போலிருந்தது. உடனே மிச்ச மாத்திரையை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள். அடுத்த தடவைக்கு ஆகுமாம்! மாத்திரை என்ன ஊறுகாயா, பத்திரப்படுத்தி வைக்க?

காய்ச்சல் போவதும் வருவதுமாக நாள் ஓடியது. கம்பிக்காரன் பகலெல்லாம் கம்பியோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனுக்கும் நடுவில் ஒரு காய்ச்சல் வந்து, அவன் அதைத் தட்டிவிட்டு வேலைக்குப் போனான். பெரிய உடம்பு தாங்கியது. சின்ன உடம்பு எங்கே தாங்கும்? சின்ன மேஸ்திரியின் நடை சுருங்கியது. எதிர்ப்பக்கத்திலிருந்து என் கடைக்கு வருவதற்குள் பாதித் தெருவில் உட்கார்ந்துவிடும். உதடெல்லாம் வெளுத்துப்போனது. ஒருநாள் பார்க்கிறேன், புதிதாகப் பூசிய சுவரை நக்கிக்கொண்டு நிற்கிறது. "மேஸ்திரி, கலவை சரியா இருக்கான்னு பாக்கறீங்களா?" என்று கொத்தனார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வெளுப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

தண்ணிக்காரியோ சாக்கடைக்கு ஊற்றும் எண்ணெயை இரட்டிப்பாக்கினாள். ஜன்னல் வலையின்மேல் ஒரு பழைய சேலையையும் அடித்தாள். "எப்படிக்கா வருது? எந்த வழியா வருது?" என்று கேட்டுக்கேட்டே அவள் பாதி ஆளாகிவிட்டாள்.

ஒரு மத்தியானம் நான் டீ கொடுக்கப் போயிருந்தேன். குழந்தை படிக்கட்டின் கீழே படுத்திருந்தது. காய்ச்சல் உச்சத்தில் இருந்தது. கண் பாதி திறந்து, மேலே ஏறிப்போகும் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தது. மேலே வானம் தெரியும். சிரித்தது.

"அம்மா, மீனுக்கு றெக்கை மொளச்சுடுச்சு."

"ஆமாடி தங்கம்."

"நெசமாம்மா. தண்ணி மேல உக்காந்துச்சு. றெக்கை காயவச்சுச்சு. பறந்துடுச்சு. இங்க வந்துடுச்சு."

தண்ணிக்காரி என்னைப் பார்த்தாள். "ரெண்டு நாளா இதையேதான்க்கா சொல்றா. காய்ச்சல்ல என்னென்னமோ கனவு வருது." சொல்லிவிட்டுக் குழந்தையின் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டாள். நானும் கனவு என்றுதான் நினைத்தேன். இவ்வளவு அழகாக ஒரு கனவா என்றுகூட நினைத்தேன். பறக்கும் மீன்கள் நிறைந்த மத்தியானம். அந்த அறையில் படிவழியாக இறங்கிய வெளிச்சம்கூடத் தண்ணீர் போல அசைந்துகொண்டிருந்தது.

அப்புறம் குழந்தையின் கை வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே செருகியது.

நான் என்ன செய்தேன், எப்படிக் கத்தினேன் என்று எனக்கே தெரியாது. கடையில் பால் அடுப்பில் இருந்தது, போட்டது போட்டபடி விட்டுவிட்டேன். தண்ணிக்காரி கல்லாகி நின்றாள். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். "வேண்டாம்க்கா, அங்க வேண்டாம்க்கா" என்கிறாள். எனக்கு வந்ததே கோபம்!

"அங்க கொண்டுபோனதால அவன் போகலடி! நேரங்கழிச்சுக் கொண்டுபோனதாலதான் போனான்! இவளையும் வச்சுகிட்டு வேடிக்கை பாக்கப் போறியா?"

சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. ஆனால் அந்த வார்த்தைதான் அவளை நகர்த்தியது. கம்பிக்காரன் ஓடிவந்தான். எவனோ ஒருவனுடைய ஆட்டோவை மறித்து ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார்கள். டாக்டரம்மா குழந்தையின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளே வெள்ளைத் துணி போலிருந்தது. வயிற்றின் இடப்பக்கம் விரல் வைத்து அழுத்தினார். "மண்ணீரல் வீங்கியிருக்கும்மா. மலேரியாதான். ரத்தத்தையே தின்னு தீர்த்துடுச்சு. முதல்ல ரத்தம் ஏத்தணும்" என்றார்.

"எங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலியே டாக்டர், இதுக்கு மட்டும் ஏன்?" என்று கம்பிக்காரன் கேட்டான்.

"உங்களுக்கும் வந்திருக்கும். பெரிய உடம்பு தள்ளிட்டுப் போயிருக்கும். அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கிற புள்ளைங்களுக்கு அந்தச் சக்தி இன்னும் வரலப்பா. இருக்கிற ரத்தமும் கொஞ்சம்தான், சட்டுனு வத்திடும். கதவில்லாத இடத்துல படுக்க வைக்கிறீங்க, வலை இல்ல, மருந்தையும் பாதியில நிறுத்தியிருக்கீங்க. வேற என்ன வேணும் அதுக்கு?" கடிந்துதான் பேசினார். ஆனால் பேசிக்கொண்டே குழந்தையின் காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வலை கட்டியிருக்கேன் டாக்டரம்மா, ஜன்னல்ல" என்றாள் தண்ணிக்காரி. அவர் அதற்குள் வேறொரு குழந்தையிடம் போய்விட்டார்.

யாரோ முகம் தெரியாதவர் கொடுத்த ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. பிழைக்குமா என்று கேட்டால், பார்க்கலாம் என்றார்கள். அந்தப் 'பார்க்கலாம்' இருக்கிறதே, அதைப்போல ஒரு பாழாய்ப்போன வார்த்தை தமிழில் கிடையாது.

மறுநாள் காலை மாற்றுத்துணி எடுக்கத் தண்ணிக்காரி வந்தாள். என் கடை வாசலில்தான் நின்றாள், உள்ளே போகக் கால் வரவில்லை. அந்த நேரம் பார்த்துக் கொசு ஆபீஸ்காரர் வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போயிருக்கிறது. நீளக் காம்பு வைத்த வெள்ளைக் கரண்டி ஒன்று வைத்திருந்தார். அதனால் அவருக்கு அந்த நிமிஷமே 'கரண்டிக்காரர்' என்று பெயர் வைத்துவிட்டேன்.

"மலேரியா வந்த குழந்தை எந்த வீடு?"

தண்ணிக்காரிக்கு உயிர் வந்தது. "வாங்க சார், வாங்க" என்று அவரை நேராகப் பின்பக்கம் சாக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாங்களும் பின்னால் போனோம். கொத்தனார், மேஸ்திரி, இன்னும் இரண்டொருவர். "இதுதான் சார். இதை மூடச் சொல்லுங்க. எவ்ளோ எண்ணெய் ஊத்தினாலும் சாக மாட்டேங்குது" என்று குற்றவாளியைக் காட்டுவது போலக் காட்டினாள்.

அவர் குனிந்து இரண்டு மூன்று இடத்தில் கரண்டியால் மொண்டு பார்த்தார். தலையை ஆட்டினார்.

"இது வேற கொசும்மா. புழு தண்ணியில தலைகீழாத் தொங்குது பாருங்க. இது கடிக்கும், தூங்க விடாது, வேற வியாதி கூடக் கொண்டு வரும். ஆனா உங்க குழந்தைக்கு வந்தது இதால இல்ல. அந்தக் கொசு ரொம்பச் சுத்தம் பாக்கும். சாக்கடைப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காது. தெளிஞ்ச தண்ணியிலதான் முட்டை போடும்."

"தெளிஞ்ச தண்ணியா?"

"ஆமா. வெயில் படற, அசையாத, நல்ல தண்ணி. அதோட புழு தொங்காது, தண்ணி மேல படுத்திருக்கும், துரும்பு மாதிரி. தொட்டா பின்னால நகரும். அப்படித் தண்ணி நிக்கிற இடம் இங்க எங்கயாச்சும் இருக்கா?"

கொத்தனாரின் இருமல்கூட நின்றுவிட்டது. நான் தண்ணிக்காரியைப் பார்த்தேன். அவள் எங்களில் யாரையும் பார்க்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"றெக்கை மொளச்சுடுச்சு" என்றாள்.

"என்னம்மா?" என்றார் கரண்டிக்காரர்.

அவள் நடந்தாள். தன் அறைக்குள் போய், ஆணி அடித்து இறுக்கிய ஜன்னலைப் பார்த்தாள். திரும்பி, அகலமாகத் திறந்து கிடந்த படிக்கட்டைப் பார்த்தாள். அதன் கீழே குழந்தையின் பாய் விரித்தபடியே கிடந்தது. படியேறினாள். நாங்களும் ஏறினோம்.

மேலே வானம் அத்தனை பாத்தியிலும் படுத்திருந்தது. அவ்வளவு அமைதி. கரண்டிக்காரர் வரப்பில் மண்டியிட்டுக் கரண்டியை அலுங்காமல் இறக்கி எடுத்தார். வெள்ளைக் கரண்டியில் ஐந்தாறு துரும்புகள். அவர் விரலின் நிழல் பட்டதும் பின்னால் ஓடின.

"இதேதான்" என்றார். பக்கத்துப் பாத்தியைக் காட்டினார். தண்ணீர் மேல் ஒரு கூடு பிளந்து மிதந்தது. பக்கத்தில் ஒரு கொசு, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பறந்து, படிக்கட்டுப் பக்கம் போனது.

குழந்தை கனவு காணவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறது. கேட்கத்தான் எங்களுக்குக் காது இல்லை.

தண்ணிக்காரி கத்துவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் ஓரத்தில் கிடந்த கடப்பாரையை எடுத்தாள். முதல் வரப்பை ஓங்கி அடித்தாள். தண்ணீர் குபுக்கென்று பாய்ந்தது.

"ஏய், ஏய்! என்ன பண்ற?" என்று மேஸ்திரி பாய்ந்தார். "தளம் போட்டு நாலு நாள்கூட முழுசா ஆகாத பக்கம் அது! காஞ்சா வெடிச்சுடும். வெடிச்சா நீயா பதில் சொல்லுவ?"

"வெடிச்சாப் பூசிக்கலாம் அண்ணே" என்றாள் அவள். "என் புள்ளைய நான் எதை வச்சுப் பூசுவேன்?"

மேஸ்திரிக்கும் வீட்டில் குழந்தைகள் இருக்கின்றன. அடுத்த வரப்பை அவள் அடித்தபோது தடுக்கவில்லை. கொத்தனார்தான் மெல்லச் சொன்னார். "முன்னாடியெல்லாம் சாக்கு போட்டு நனைப்போமே மேஸ்திரி. தண்ணி தேங்காது, ஈரமும் போகாது. நம்ம சோம்பேறித்தனத்துலதான் பாத்தி கட்ட ஆரம்பிச்சோம்."

"சாக்குன்னா சும்மா இல்ல. காயக் காயத் தெளிக்கணும். கண் அசர முடியாது. யார் செய்வா?" என்றார் மேஸ்திரி.

"நான்" என்றாள் தண்ணிக்காரி. அதைச் சொல்லவும் அவள் நிமிரவில்லை, மூன்றாவது வரப்பில் இருந்தாள்.

கரண்டிக்காரர் தன் கரண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். கொத்தனார் சேர்ந்துகொண்டார். நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காலாலேயே வரப்பை உதைத்தேன். வானம் துண்டு துண்டாக உடைந்து, படிவழியாக இறங்கித் தெருவுக்குப் போனது. தெருவெயில் அதை நிமிஷத்தில் குடித்துவிட்டது.

எல்லாம் வடிந்த பிறகு அவள் ஈரத்தளத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, அங்கயும் நான்தான் தண்ணி காட்டினேன்."

"சரிடி."

"அவனும் இதைத்தான் பாத்துகிட்டு இருப்பான். கைய விட்டுப் புடிப்பான். நான் பக்கத்துல உக்காந்து சிரிச்சுகிட்டு இருந்தேன்க்கா." ஈரத்தளத்தை உள்ளங்கையால் தடவினாள். பிறகு சொன்னாள்: "இத்தனை நாளா சாக்கடையத் திட்டிகிட்டே இருந்தேன். பாவம், சாக்கடை."

எனக்குத் தெரிந்த ஆறுதல் எதுவும் அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. பாலூற்றிப் பாம்பு வளர்த்த கதை என்பார்கள். பாம்பென்று தெரிந்து பால் ஊற்றுகிற தாய் உலகத்தில் உண்டா? "தெரிஞ்சா செஞ்ச? எழுந்திரு, உனக்கு ஆஸ்பத்திரியில வேலை இருக்கு" என்று அதட்டினேன். அதட்டத்தான் எனக்கு வரும். அவள் கையைப் பிடித்துத் தூக்கினேன்.

தானிய மண்டியிலிருந்து மேஸ்திரியே சணல் சாக்கு வாங்கி வந்து இறக்கினார். தண்ணிக்காரி ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் கம்பிக்காரனும் கொத்தனாரும் முறை வைத்துச் சாக்கை நனைத்தார்கள். அவர்கள் சாப்பிடப் போகும் நேரம் நான் போய்த் தெளித்தேன். தளம் வெடிக்கவில்லை. ஜன்னலில் அடித்திருந்த வலையைக் கம்பிக்காரன் ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கினான். மடித்து மடித்து அடித்ததில் அங்கங்கே ஓட்டை. அதையெல்லாம் தைத்துப் பாயைச் சுற்றி நாலு பக்கமும் செருகும்படி கட்டினான். படிக்கட்டுக்குக் குறுக்கே ஒரு தார்ப்பாய் தொங்கியது.

பார்க்கலாம், பார்க்கலாம் என்றவர்கள் ஒருநாள் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார்கள்.

சின்ன மேஸ்திரி அம்மாவின் தோளில் சாய்ந்தபடி வந்து இறங்கினாள். கழுத்து ஒரு பிடிதான் இருந்தது. ஆனால் உதட்டில் கொஞ்சம் நிறம். கட்டிடமே வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தது. குழந்தை எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தது. அன்றிலிருந்து என் கடையில் வைத்துத்தான் மாத்திரை. காய்ச்சல் விட்டாலும் கடைசி மாத்திரைவரை கொடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான் தண்ணிக்காரியின் முந்தானையை அவிழ்த்துச் சோதனை போடுவேன், ஏதாவது முடிந்து வைத்திருக்கிறாளா என்று. "மேஸ்திரி வேலைய நீங்க எடுத்துகிட்டீங்களாக்கா?" என்று கேட்பாள்.

கடைசி மாத்திரையும் தீர்ந்த அன்று சாயங்காலம் இருவரும் மேலே போனார்கள். நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். தெருவில் சத்தமில்லை. மேலே பேசுவது கீழே நன்றாகக் கேட்டது.

"அம்மா, மீன் எங்க?"

"இல்லடி."

"எங்க போச்சு?"

"அம்மா கொட்டிட்டேன்."

அப்புறம் எழுந்தது ஒரு அழுகை! இத்தனை நாளும் அந்தக் குழந்தைக்கு அழக்கூடத் தெம்பு கிடையாது, பூனைக்குட்டி போல ஒரு முனகல்தான். இது அப்படி இல்லை. வயிற்றிலிருந்து வந்தது. என் மீனைக் கொடு, என் மீனைக் கொடு என்று காலை உதைத்து, மூச்சுப் பிடித்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுதது. மருந்துக்கடைக்காரர் வெளியே எட்டிப்பார்த்தார். "யாருப்பா புள்ளைய அடிச்சது?" என்று மேஸ்திரி கத்தினார்.

தளத்தின் விளிம்புக்குத் தண்ணிக்காரி வந்தாள். இடுப்பில் குழந்தை துள்ளுகிறது, அவள் முகத்தில் அறைகிறது. அவள் சிரிக்கிறாள், கண்ணீர் ஓடுகிறது.

"அக்கா! கேக்குதா அக்கா?"

"கேக்குதுடி! போட்டாளே ஒரு சத்தம், செத்தவங்களுக்குக் கூடக் கேட்டிருக்கும்!" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மேலே அவள் அசையாமல் நின்றாள். குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அழுகை இன்னும் ஓயவில்லை.

"கேக்கட்டும்க்கா" என்றாள். "அவனுக்கும் கேக்கட்டும்."